நான் கொண்டுபோன பிளேட்டு

இந்த ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிளேட்டுக் கதை உண்டு. வேலை இடத்திலோ பிள்ளையின் பள்ளிக்கூடத்திலோ யாராவது விருந்துக்குக் கூப்பிட்டு, “வரும்போது ஒரு பிளேட் கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருப்பார்கள். பாவம், தட்டுப் போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நாமும் வெறும் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துப்போய் நின்றிருப்போம். ஒரு தட்டுப் பலகாரம் செய்து எடுத்து வா என்பதுதான் இந்த நாட்டில் அதற்குப் பொருள் என்று அங்கே போன பிறகுதான் தெரியும்.

என்னுடைய கதை அதற்கும் ஒரு படி மேல். மலேசியாவில் எங்கள் வீட்டில் பிளேட்டு என்றால் கிராமபோன் இசைத்தட்டு. அதனால் பதினோரு வயதில், பிளேட்டு கொண்டு வா என்றதும் நான் ஓர் இசைத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய் நின்றேன் என்பது கதை. உங்களில் பாதிப் பேராவது அதை என் வாயால் கேட்டிருப்பீர்கள். நான் கூட்டத்தில் பேசத் தெரியாதவள். சாப்பாட்டு மேசையில் என் முறை வரும்போது சொல்ல எனக்கு இருந்தது அது ஒன்றுதான். எல்லாரும் சிரிப்பீர்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு அதையே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வாயால் சொல்லும்போது வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அந்தக் கதை பொய். இசைத்தட்டைக் கொண்டுபோனது உண்மை. தெரியாமல் கொண்டுபோனேன் என்பதுதான் பொய்.

அப்போது நாங்கள் ஒனிஹங்காவில், துறைமுகத்துக்கு மேலே ஒரு பழைய பலகை வீட்டில் குடியிருந்தோம். ஈப்போவிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அப்பாவின் அக்கா, என் அத்தை, விசிட் விசாவில் வந்து எங்களோடு இருந்தார். கல்யாணம் ஆகாதவர். ஐம்பதைத் தாண்டியவர். வலது முட்டியில் வலி. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

அப்பாவும் என்னைப் போலத்தான். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை பழைய பிளேட்டு சேர்ப்பது. சனிக்கிழமை காலை பசியாறியதும் என்னைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் கடைக்கு நடப்பார். கனமான கறுப்பு அரக்குத் தட்டுகள், கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைகிறவை, அவைதான் வேண்டும். அதிலும் சங்கீதம் வேண்டாம். சிரிப்புப் பாட்டு வேண்டும்.

முதல் முறை போனபோது அப்பாவே பேசிப் பார்த்தார். “ஓல்ட் பிளேட்? பிளாக் பிளேட்?” என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினார். கடைக்காரப் பெண்மணி உள்ளே போய், நீலப் பூப்போட்ட இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளைத் துடைத்து எடுத்து வந்தார். கறுப்பு இல்லை, இதுதான் இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த இரண்டு தட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

அதன் பிறகு பேசுவது என் வேலை ஆயிற்று. லேபிளை வாசிப்பதும் என் வேலை. காமிக் என்று இருந்தால் எடுத்து வை, நாவல்ட்டி என்று இருந்தால் எடுத்து வை. ஒரு நாள் ‘வவுடெவில்லி’ என்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். அது வோட்வில், பாட்டும் ஆட்டமும் கோமாளித்தனமும் கலந்து அந்தக் காலத்தில் மேடையில் காட்டியது என்று கடைக்காரப் பெண்மணி சொன்னார். அப்பாவிடம் சொன்னேன்.

“நம்ம டிராமா செட்டு மாதிரி. எடு, எடு” என்றார்.

இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவு புரியாது. அதனால்தான் சிரிப்புத் தட்டுகள் அவருக்கு உயிர். ஒரு ஆள் பாட ஆரம்பிப்பான். நடுவில் அவனுக்கே சிரிப்பு வரும். அடக்கிக்கொண்டு பாடுவான். மறுபடியும் வரும். கடைசியில் பாட்டே இருக்காது, வெறும் சிரிப்புத்தான். அதற்கு எந்த மொழியும் வேண்டாம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தோள் இரண்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வழியும், வாயிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஏன் இவர் ஊமை மாதிரி சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்டோபர் மாதம், இங்கே வசந்தகாலம். ஒரு மணி நேரத்துக்குள் வெயிலும் மழையும் மூன்று தரம் மாறும் பருவம். ஒரு சனிக்கிழமை கடையில் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. பட்டாளத்தில் மலாயாவுக்குப் போய் வந்த ஒரு கிழவர் காலமாகி, அவர் வீட்டைக் காலி செய்தபோது வந்த சாமான். நான் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றில் கை நின்றது.

“அப்பா, இதுல தமிழ் எழுத்து இருக்கு!”

“சும்மா வெளையாடாதே.”

“நெசமாப்பா. ‘தமிழ் காமிக், டிக்கட்டு மாஸ்டர்.’ கீழ மிஸ் போட்டு ஒரு பேரு இருக்கு.”

அப்பா அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். மற்ற எதையும் எடுக்கவில்லை. வீடு வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அத்தை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பிளேட்டைப் போட்டு ஊசியை வைத்தார். கரகரப்பு, ஆர்மோனியம், ஓர் ஆணின் அதட்டல், பிறகு ஒரு பெண் குரல் ஒரு வரி பாடியது. உடனே ஊசியைத் தூக்கிவிட்டார்.

“கீறல் விழுந்துடுச்சு. ஊசி கெட்டுடும்” என்றார்.

கீறல் எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.

அதை அவர் தம் துணி அலமாரிக்கு அடியில் வைத்தார். மறைத்து வைப்பதை மறைந்து நின்று பார்க்காத பிள்ளை உண்டா? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை பால் வாங்க டெய்ரிக்குப் போயிருந்தார். எடுத்துப் போட்டேன். ரயிலில் டிக்கட் இல்லாமல் ஏறிய ஒரு பெண்ணுக்கும் டிக்கட் பரிசோதகனாக வரும் பபூனுக்கும் சண்டை. அவன் கேட்பான்: “டிக்கட்டு எங்கே டிக்கட்டு?” அவள் ரயில் பாதைக் கைகாட்டி மரத்தையும் இழுத்துப் பாடுவாள்:

“ரவிக்கைக் குள்ளே மடிச்சு வச்சேன்,
எட்டிப் பாக்குற டிக்கட்டு மாஸ்டர்!
கைகாட்டி இன்னும் எறங்கவே யில்லே,
எட்டி நில்லு, தள்ளி நில்லு!”

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு மூச்சை இழுப்பது. பிறகு மாடிப்படியில் உருண்டை உருண்டையாக எதையோ கொட்டிவிட்டதுபோல அடுக்கடுக்காக. முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டு மாதமாக நான் கேட்டுவந்த சிரிப்பு அது. துணி விலகியதுபோல் முழுதாகக் கேட்டது.

அடுத்த நாள் அத்தை பின்வாசல் படியில் பழைய பத்திரிகையை விரித்து மீன் அரிந்துகொண்டிருந்தார். பட்டறை ஆள் ஒருவர் துறைமுகத்தில் பிடித்துக் கொடுத்த மீன். நான் பக்கத்தில் உட்கார்ந்து “கைகாட்டி இன்னும் எறங்கவே யில்லே” என்று முணுமுணுத்தேன். கத்தி நின்றது.

“எங்க கத்துக்கிட்டே அதை?”

“பிளேட்டுல. அப்பா வாங்குனாரு. அதுல மிஸ்னு போட்டு...”

“மிஸ்ஸாவது மண்ணாங்கட்டியாவது.” அத்தை வேலிப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. “முழுசாக் கேட்டியா?”

“கேட்டேன். நீங்கதானே அத்தை?”

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். வெட்டி வைத்திருந்த மீன் தலையை எடுத்து மேல்படியில் நிமிர்த்தி வைத்தார்.

“இவன்தான் டிக்கட்டு மாஸ்டர்” என்றார்.

கையெல்லாம் செதிளோடு எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, முழுவதையும் நடித்துக் காட்டினார். பபூனுக்கு ஒரு குரல், அவளுக்கு ஒரு குரல். முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் படியில் உருண்டு உருண்டு சிரித்தேன். மீன் தலை வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு உட்கார்ந்து அரிந்துகொண்டே சொன்னார். எஸ்டேட் எஸ்டேட்டாக டிராமா செட்டோடு போனது. பட்டணத்துக் கேளிக்கைப் பார்க்கில் கொட்டகை போட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் ஒரே நாளில் அந்தப் பிளேட்டைப் பதிவு செய்துகொண்டு போனது.

“உங்கப்பன் அப்ப சின்னப் பையன். திரைக்குப் பின்னால மிருதங்கப் பெட்டி மேல உக்காந்து பாப்பான். சிரிச்சா சத்தம் சபைக்குக் கேக்கும்னு வாத்தியாரு மெரட்டி வச்சிருந்தாரு. வாயைப் பொத்திக்கிட்டு குலுங்குவான் பாரு, பெட்டியே ஆடும்.”

“ஏன் அத்தை விட்டுட்டீங்க?”

“அவனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். கூத்தாடி வீடான்னு கேட்டாங்க. விட்டுட்டேன்.” மீனைத் திருப்பிப் போட்டார். “பெரிய விசயம் இல்ல பாப்பா. முட்டியும் போயிடுச்சு.”

அன்றைக்குத்தான் அதையும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நான் யாரிடமும் சொல்லாதது.

“சிரிப்புல ரெண்டு இருக்கு. பாட்டுக்குச் சிரிக்கிறது ஒண்ணு, ஆளுக்குச் சிரிக்கிறது ஒண்ணு. மேடையில நின்னா காதுல விழுந்ததும் தெரிஞ்சிடும். பாட்டுக்குச் சிரிச்சா விடிய விடிய ஆடலாம். ஆளுக்குச் சிரிக்க ஆரம்பிச்சா வாத்தியாரு சாடை காட்டுவாரு. எறங்கிடணும். அப்புறம் அந்த ஊர்ல ஆடக்கூடாது. அது எங்க செட்டு சட்டம்.”

எழுந்து போகும்போது மீன் கையாலேயே என் கன்னத்தைத் தட்டினார். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. வெளிய சொன்னே, உன்னை இந்த மீனு மாதிரி அரிஞ்சிடுவேன்.”

நான் தலையாட்டினேன்.

அப்போது ஆக்லாந்தில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். வெள்ளிக்கிழமை மாலைகளில் டாக்டரம்மா வீட்டில் ஆறேழு குடும்பம் கூடிப் பஜனை பாடும். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய வீடு. முன்னறையில், வீடு வாங்கும்போது அதோடு வந்த பிளேட்டும் போடக்கூடிய ஒரு பழைய ரேடியோகிராம் இருந்தது. அங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பது என் அத்தைதான். எல்லாரும் பின்னால் பாடுவார்கள். “அக்கா பாடினாத்தான் எனக்கு வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கு” என்பார் டாக்டரம்மா. எங்கள் வீட்டில் நாற்காலி நுனியில் உட்காரும் அத்தை அங்கே விளக்குக்கு நேர் எதிரே நடுவில் சம்மணம் போட்டு உட்காருவார். இந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த ஓர் இடந்தான்.

பாட்டு முடிந்து சாப்பாடும் முடிந்தால், யார் தடுத்தாலும் கேட்காமல் சமையலறையில் நின்று எல்லாத் தட்டுகளையும் கழுவுவார். ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் மகள், என் வயதுக்காரி, அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “இஸ் ஷி யுவர் மெய்ட்?”

அவள் குத்திக் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பாள். எனக்கு முகம் எரிந்தது. இல்லை, அவர் என் அத்தை என்ற சாதாரணப் பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் எரிந்தது. நீ யாரென்று நினைத்தாய், பிளேட்டில் பாடியவர் தெரியுமா என்று மனத்துக்குள் அவளிடம் நூறு முறை சொன்னேன்.

அடுத்த வாரம் தீபாவளியை ஒட்டிய வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா வீட்டிலிருந்து போன் வந்தது. மகள்தான் பேசினாள். “மம் சேஸ் பிரிங் எ பிளேட்.”

நான் அம்மாவிடம் போய்ச் சொன்ன சொற்கள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. “அம்மா, ஏதாச்சும் பலகாரம் கொண்டுவரச் சொல்றாங்க. தட்டு இல்ல, பலகாரம்.” ஏனென்றால் அம்மா அதற்கு முன்பே என் பள்ளிக்கூடத்து விருந்துக்கு வெறும் தட்டைக் கொண்டுபோய் அவமானப்பட்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா கேசரி கிண்டினார். நான் அலமாரிக்கு அடியிலிருந்து பிளேட்டை எடுத்து, தலையணை உறையில் போட்டு, மழைச்சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். மார்போடு அணைத்துக்கொண்டு போனேன் என்று உங்களிடம் சொன்னது இதைத்தான்.

அன்று அத்தை மிக நன்றாகப் பாடினார். சாப்பாடு முடிந்து அவர் சமையலறைக்குப் போன பிறகு, நான் டாக்டரம்மாவின் மகளை ரேடியோகிராம் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். “மை ஆன்ட்டி இஸ் எ ஸ்டார். லிசன்” என்றேன். அவள் உடனே கூடத்தைப் பார்த்து, “எவ்ரிபடி, ஹெர் ஆன்ட்டி இஸ் ஆன் எ ரெக்கார்ட்!” என்று கத்தினாள். எல்லாரும் கேசரியும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

“டிக்கட்டு எங்கே டிக்கட்டு?”

அந்த வீட்டில் அந்தக் குரல் எங்கள் வீட்டில் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது. ரவிக்கை வரி வந்தது.  பிறகு டாக்டரம்மா முதலில் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ கடவுளே, கைகாட்டியாம்!” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை சமையலறை வாசலில், கையில் சோப்பு நுரை சொட்ட நின்றிருந்தார். பயந்துபோய் நிற்பார் என்று நினைத்தேன். இல்லை. தலையைச் சாய்த்து, கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கால் பெருவிரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் அது அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

டாக்டரம்மாவின் மாமனார் உள்ளறையிலிருந்து வந்தார். “நிப்பாட்டுங்கோ! வெள்ளிக்கிழமை, விளக்குக்கு முன்னால, இதென்ன கூத்து?” அவரே ஊசியை இழுத்தார். கர்ர் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எல்லாரும் தத்தம் கேசரித் தட்டைப் பார்த்தார்கள்.

“ஆர் இதைக் கொண்டந்தது?”

டாக்டரம்மாவின் மகள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கிருந்து வந்ததோ, அழுகிற குரலில் சொன்னேன்:

“நீங்கதானே பிளேட்டு கொண்டுவரச் சொன்னீங்க...”

அவ்வளவுதான், வீடே வெடித்தது. மாமனார்கூடச் சிரித்துவிட்டார். “பிளேட்டு எண்டு இதைக் கொண்டந்திட்டுது பிள்ளை!” யாரோ என் தலையைத் தடவினார்கள். அம்மா கேசரித் தட்டோடு எனக்கு மிக அருகில் நின்றிருந்தார். தட்டு இல்ல, பலகாரம் என்று அவரிடம் சொன்னவள் நான். அவர் என்னைப் பார்த்தார். கேசரித் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

நான் தப்பித்துவிட்டேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டியிருந்திருக்காது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டரம்மாவின் மகள் சமையலறைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, இடுப்பில் கை வைத்து, “டிக்கட் யெங்கே, டிக்கட்” என்றாள். பாட்டில் வந்த பெண்ணை அவள் நடித்துக் காட்டவில்லை. முட்டி வலியோடு தட்டுக் கழுவும் என் அத்தையை நடித்துக் காட்டினாள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்து நடித்தாள்; அவள் பக்கம் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது. உரக்கச் சிரித்தேன். அந்த அறையில் அப்போது கேட்ட ஒரே சிரிப்பு என்னுடையது.

அத்தை கேட்டார். முகம் மாறவில்லை. திரும்பி உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. மீதித் தட்டு அத்தனையையும் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் வந்து காரில் ஏறினார்.

வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்பா பிளேட்டை என் கையிலிருந்து வாங்கிப் பத்திரிகைத் தாளில் சுற்றினார். சனிக்கிழமை பழைய கடைக்குப் போவது அதோடு நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை, “முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க” என்றார். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. என்னோடு பேசாமல் இல்லை. சாப்பாடு கட்டிக் கொடுத்தார், தலை பின்னிவிட்டார். ஆனால் பின்வாசல் படியில் மீன் அரியும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், “உள்ள போ பாப்பா, மேல தெறிக்கும்” என்பார். விசாவை நீட்டிக்க அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஜனவரியில் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து அங்கேயே காலமானார். அப்பா மட்டும் போய்விட்டு வந்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டரை மாதம் இருந்தது. பிறகு கடிதம் எழுத எத்தனையோ ஆண்டுகள் இருந்தன. ஆனால் நான் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு விமான நிலையச் சமையற்கூடத்து வேலையில், பிறகு உங்களிடம். கதையில் அத்தையே கிடையாது. ஏதோ ஒரு காமிக் பிளேட்டு, ஒரு முட்டாள் பிள்ளை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது உண்மைபோல ஆகிக்கொண்டு வந்தது.

தவறு டாக்டரம்மா வீட்டாருடையது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவர்கள், பணக்காரர்கள், ஒரு கூத்தாடியைத் தங்கள் நடுவில் உட்காரவிடவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஆல்பனி பக்கத்து முதியோர் இல்லத்தில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்கியவர். நினைவு கண்ணாடி மாதிரி இருந்தது.

“உங்கட அத்தை ஏன் பிறகு வரேல்லை எண்டு தெரியுமோ?” என்று அவரே கேட்டார்.

“நீங்க எல்லாரும் தப்பா நெனச்சீங்கன்னு...”

“ஆர் நினைச்சது? மாமா பழைய ஆள், ரெண்டு நாளிலை அவரே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிஞ்சவர். நான் மூண்டு தரம் போன் எடுத்தனான், வந்து இன்னொரு பாட்டுப் பாடுங்கோ அக்கா எண்டு.” அவர் என் கையைப் பிடித்திருந்தார். “மூண்டாந்தரம்தான் சொன்னவ. நீங்கள் எல்லாரும் பாட்டுக்குச் சிரிச்சீங்கள் அம்மா, எனக்கு ஒரு கோவமும் இல்லை. எங்கட பிள்ளை ஆளுக்குச் சிரிச்சிட்டுது, இனி நான் அங்கை பாடக்கூடாது எண்டு. எனக்கு அது விளங்கேல்லை. உமக்கு விளங்குதோ?”

விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் பொய்.

போன மாதம் ஃபிளாட் புஷ்ஷில் நம் கூட்டம் நடந்ததே, அங்கே மேடையேறி, பழைய தமிழ் காமிக் பிளேட்டு யாரிடமாவது இருந்தால் தாருங்கள் என்று கேட்ட தம்பி உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளை, ஐடி வேலை. நாடகக் கொட்டகைக் காலத்துச் சிரிப்புப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார். நான் கை தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் பெட்டியை இறக்கினேன். சிரிப்புத் தட்டுகளுக்கு நடுவில், பழுத்துப்போன பத்திரிகைத் தாளுக்குள் அது இருந்தது. ஊசி இழுத்த கீறல் இப்போது உண்மையாகவே இருந்தது.

தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதைத் துடைத்த பக்குவத்தைப் பார்த்து எனக்கு அப்பா நினைவு வந்தது. ஊசியை வைத்தார். கீறல் வந்த இடத்தில் ஒரு தாவல், அவ்வளவுதான். கைகாட்டி வரியில் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அத்தையின் சிரிப்பு வந்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார்.

“தம்பி, இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டேன்.

அவர் திகைத்தார். “பாட்டுக்குத்தான் ஆன்ட்டி. என்னா டைமிங் இந்தம்மாவுக்கு! யாரு இவங்க? இந்த மிஸ் பேர்ல நான் பார்த்த லிஸ்ட்டுல யாருமே இல்லையே.”

“எங்க அத்தை” என்றேன். அவருடைய முழுப் பெயரையும் ஊரையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுத் தட்டிக்கொண்டார். சரியா என்று திரையைத் திருப்பிக் காட்டினார். சரியாக இருந்தது.

“இன்னொரு வாட்டி போடட்டுமா?”

போட்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன ஆன்ட்டி, நீங்க சிரிக்கவே இல்லையே?”

“நான் முன்னாடியே சிரிச்சிட்டேன் தம்பி” என்றேன்.